உணர்ச்சி கொதிக்கும்போது க்ளையன்ட்டை நிக்க வைக்கிறது எப்படி: புது கவுன்சிலர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"கோபம் வந்தா பத்து வரைக்கும் எண்ணுங்க, தண்ணி குடிங்க"ன்னு சொல்லி அனுப்பிடறோம், அடுத்த வாரம் க்ளையன்ட் வந்து "அந்த நேரத்துல அதெல்லாம் ஞாபகமே வரல மேடம்"னு சொல்றாங்க. இந்த இடத்துல முழிக்கிற புது கவுன்சிலர்களை நிறைய பாத்திருக்கேன். அவங்க சொல்லிக்கொடுத்த விஷயத்துல தப்பில்ல, வரிசைலதான் தப்பு. உடம்புக்கு பழக்காம வாயால மட்டும் சொல்லி விட்டா, கொதிச்சு நிக்கிற நேரத்துல யாருக்குமே ஞாபகம் வராது.

கீழ இருக்கறது முழுக்க அந்த வரிசையைப் பத்திதான். அடிப்படை, மார்ஷா லினஹன் உருவாக்கின டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமா டிபிடி. அதுல இருக்கற 'ஸ்டாப்' திறனையும் (நில்லு, ஒரு அடி பின்னால, கவனி, பாத்து செய்ங்கற நாலு படி), குளிர்ந்த தண்ணி, மூச்சு மாதிரி வழிகளால கொதிச்ச உடம்பை இறக்கற 'டிப்' திறனையும் ரெண்டு ரூம் வீடு, கூட்டுக்குடும்பம், வாட்ஸாப் குரூப்னு வாழற ஒருத்தருக்கு எந்த வரிசைல கொடுத்தா ஒட்டுதுன்னு சொல்றேன்.

1. சொல்லிக்கொடுக்கறதுக்கு முன்னாடி கேட்டே ஆக வேண்டியவை

முதல்ல பாதுகாப்பு. கோபம்னு வர்றவங்க பின்னாடி தற்கொலை எண்ணம் ஒளிஞ்சிருக்கலாம், தன்னையே காயப்படுத்திக்கிற பழக்கம் இருக்கலாம். "கோபம் உச்சத்துக்கு போறப்ப செத்துடலாம்னு தோணியிருக்கா, உங்களை நீங்களே ஏதாவது பண்ணிக்கிட்டிருக்கீங்களா?"ன்னு நேரா கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்சிடுவோம்னு புதுசா வர்றவங்க பயப்படறாங்க, அப்படி ஆகாது, கேக்காம விடறதுதான் ஆபத்து.

ஆமான்னு பதில் வந்தா நிறுத்தற பயிற்சி ரெண்டாவதுதான், முதல்ல பாதுகாப்பு திட்டம் போடணும். வீட்டுல பூச்சிமருந்து, மாத்திரை டப்பா எங்க இருக்குன்னு கேட்டு, குடும்பத்துல ஒருத்தர் மூலமா அதை கைக்கு எட்டாத இடத்துக்கு மாத்துங்க. இதுவும் நிறுத்தற பயிற்சியோட ஒரு பாகம்தான், ஏன்னா தற்கொலை முயற்சிகள்ல நிறைய அந்த நேரத்து வேகத்துல நடக்கறது, பொருள் தூரமா இருந்தா அந்த தூரமே ஒரு இடைவெளியா ஆயிடும். சென்னைல இருக்கற ஸ்நேகாங்கற தற்கொலை தடுப்பு அமைப்பை சேர்ந்தவங்க கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்து கிராமங்கள்ல விவசாயிகளோட பூச்சிமருந்தை வீட்டுல வெக்காம ஊருக்கு பொதுவான ஒரு இடத்துல பூட்டி வெக்கற முறையை சோதிச்சு பாத்ததுக்கு பின்னாடி இருந்த யோசனை இதேதான்.

அரசாங்கத்தோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ க்ளையன்ட்டோட ஃபோன்ல செஷன்லயே சேவ் பண்ண வைங்க, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். இலங்கைல இருக்கறவங்களுக்கு 1926.

அடுத்தது மருந்து. பதட்டத்துக்கும் மைக்ரேனுக்கும் ப்ரொப்ரானலால் நம்ம ஊர்ல சாதாரணமா எழுதிக் கொடுக்கறாங்க, அது இதயத்துடிப்பை குறைக்கிற மருந்து. நாம சொல்லப்போற குளிர்ந்த தண்ணி முறையும் துடிப்பை சட்டுனு இறக்கும். அதனால அந்த மருந்து எடுக்கறவங்க, இதய பிரச்சினை இருக்கறவங்க, சாப்பாட்டை ரொம்ப குறைக்கிற இல்ல வாந்தி எடுக்கற பழக்கம் இருக்கறவங்க எல்லாருக்கும் டாக்டர்கிட்ட கேக்காம அதை சொல்லித்தராதீங்க.

குடிப்பழக்கம் இருந்தா அதையும் இப்பவே பேசிடணும். குடிச்சிருக்கற நேரத்துல இந்த திறன் எதுவும் கைகொடுக்காது, அவங்களுக்கான திட்டம் "குடிச்ச அன்னிக்கு எந்த முக்கியமான பேச்சும் இல்ல"ன்னுதான் ஆரம்பிக்கும், குடிக்கு தனியா சிகிச்சையும் வேணும். அப்புறம் தூக்கமே இல்லாம பல நாள் உற்சாகமா இருக்கறது, பேச்சு நிக்காம ஓடறது, காசை அள்ளி விடறதுன்னு கேள்விப்பட்டா சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட அனுப்புங்க.

கடைசியா ஒண்ணு, இதை ரொம்ப அழுத்தி சொல்றேன். அடி வாங்கிட்டு இருக்கற பொண்ணுக்கு "கோபம் வந்தா நிதானிங்க"ன்னு சொல்லிக்கொடுக்காதீங்க. அவங்க கோபம் சரியான கோபம், அங்க மாத்த வேண்டியது அவங்களை இல்ல. அவங்களுக்கு வேண்டியது பாதுகாப்பு, 181 மகளிர் உதவி எண், சட்ட உதவி. க்ளையன்ட்டை தனியா உக்கார வெச்சு "வீட்டுல யாராவது கை ஓங்கறாங்களா?"ன்னு கேக்காம இந்த பயிற்சியை தொடங்கவே வேண்டாம்.

2. நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து பிரிச்சு பாருங்க

"எனக்கு எப்பவுமே கோபம் வரும்"னு ஆரம்பிப்பாங்க. அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. போன வாரத்துல நடந்த ஒரே ஒரு சம்பவம், தேதி, நேரம், இடத்தோட வேணும்.

நானா உண்டாக்கின ஒரு உதாரணத்தை வெச்சே கடைசி வரைக்கும் போறேன். 32 வயசு பொண்ணு ஒருத்தங்க, வேலை முடிஞ்சு ஏழரை மணிக்கு வீட்டுக்கு வர்றாங்க. சிங்க்ல பாத்திரம் குவிஞ்சு கிடக்கு. மாமியார் "உங்க அம்மா வீட்டுல இப்படித்தான் போல"ங்கறாங்க. இவங்க ரூமுக்குள்ள போய் புருஷனுக்கு கூப்பிடறாங்க, எடுக்கல, மறுபடி கூப்பிடறாங்க, எடுக்கல. குடும்ப வாட்ஸாப் குரூப்ல மூணு நிமிஷ வாய்ஸ் நோட் ஒண்ணு போடறாங்க, பத்து வருஷத்து கணக்கு மொத்தமும் அதுல வந்துடுது. அப்புறம் நாலு நாள் வீட்டுல யாரும் யாரோடவும் பேசல.

இதை பேப்பர்ல இடமிருந்து வலமா வரிசையா எழுதுங்க. மதியம் என்ன சாப்பிட்டாங்க, முந்தின ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினாங்க, பஸ்ல என்ன ஓடிட்டு இருந்தது மனசுல, எல்லாம். பெரும்பாலும் ஒரு விஷயம் தெரிய வரும்: சிங்க்கை பாக்கறதுக்கு முன்னாடியே அவங்க பாதி தூரம் ஏறி இருந்திருக்காங்க.

அப்புறம் கேளுங்க, "இந்த வரிசைல உங்களால நின்னிருக்க முடியும்னு தோணற கடைசி இடம் எது?" வாய்ஸ் நோட் பட்டனை அழுத்தற இடத்தை காட்டுவாங்க. அதுக்கு முந்தின இடத்தை கேளுங்க, அதுக்கும் முந்தினதை கேளுங்க. இங்க முதல் ஃபோன் கால் எடுக்காம போன அந்த நொடிதான் நமக்கு வேண்டிய இடம், பயிற்சி மொத்தமும் அதுக்காகத்தான் கட்டப்போறோம்.

இந்த படியை விட்டுட்டு நேரா திறனுக்கு போறவங்கதான் அதிகம். எங்க நிக்கணும்னே தெரியாம எப்படி நிக்கறதுன்னு மட்டும் கத்துக்கிட்டு போற க்ளையன்ட்டுக்கு அது எதுக்கும் உதவாது.

3. அவங்க உடம்பு தர்ற முதல் அறிகுறியை கண்டுபிடிங்க

0-ல இருந்து 100 வரைக்கும் ஒரு அளவுகோல் போடுங்க. 0 நிம்மதி, 100 வாழ்க்கையிலயே மோசமான கொதிப்பு. இது பழைய கருவி, ஜோசஃப் வோல்ப் காலத்துல இருந்தே பயத்துக்கான சிகிச்சைல பயன்படுது, எழுதப்படிக்க தெரியாதவங்களுக்கு கூட ரூபாய் கணக்கா சொன்னா உடனே புரிஞ்சுடும்.

இப்ப ஒவ்வொரு கட்டத்துலயும் உடம்புல என்ன நடக்குதுன்னு அவங்க வாயாலயே வரணும். "காது ரெண்டும் சூடாயிடும்", "தொண்டை அடைக்கும்", "தலை விண்ணுன்னு தெறிக்கும்", "பல்லை கடிச்சுக்குவேன்", "கை சில்லுன்னு ஆயிடும்". அப்படியே எழுதி வெச்சுக்குங்க, உங்க பாடப்புத்தக வார்த்தைக்கு மாத்தாதீங்க, ஏன்னா அந்த நேரத்துல அவங்களுக்கு ஞாபகம் வரப்போறது அவங்க சொன்ன வார்த்தைதான்.

நமக்கு வேண்டிய அறிகுறி 40-க்கும் 60-க்கும் நடுவுல வர்றது. 85 தாண்டிட்டா யோசிக்கிற, சீர்தூக்கிப் பாத்து முடிவெடுக்கிற சக்தி சுருங்கிடும், அங்க எந்த புத்திமதியும் உள்ள போகாது, உடம்பை இறக்கற வேலை மட்டும்தான் நடக்கும். அதனால க்ளையன்ட்டோட சேர்ந்து ஒரு கோடு போட்டுக்குங்க: இந்த நம்பருக்கு கீழ நாலு படி, மேல போனா நேரா குளிர்ந்த தண்ணி.

சிலர் "எனக்கு அறிகுறியே கிடையாது, 0-ல இருந்து 100-க்கு ஒரே தாவல்"னு சொல்வாங்க. அவங்களோட வாதாட வேண்டாம். ஒரு வாரம் ஃபோன்ல மூணு அலாரம் வெக்க சொல்லுங்க, அலாரம் அடிக்கிற நேரத்துல நம்பரும் உடம்புல என்ன தெரியுதுங்கறதும் எழுதினா போதும். கோபம் இல்லாத நேரத்துலயே உடம்பை பாத்து பழகினவங்களுக்கு நடுக்கட்டம் மெல்ல மெல்ல தெரிய ஆரம்பிக்கும்.

4. "அடங்கிப்போ"ன்னு அவங்க காதுல விழாம பாத்துக்குங்க

நிறைய பேர் இந்த இடத்துலதான் மனசு மூடிக்கறாங்க. குழந்தைல இருந்து "பொறுத்துக்கோ", "நீதான் விட்டுக்கொடுக்கணும்", "பொம்பள புள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது"ன்னு கேட்டு வளந்தவங்க நம்ம ரூம்ல வந்து உக்காந்திருக்காங்க. நாமளும் "நிதானம்"னு ஆரம்பிச்சா, ஓ இவங்களும் அந்த கட்சிதான்னு முடிவு பண்ணிடுவாங்க. தலையாட்டிட்டு போவாங்க, பயிற்சி பண்ண மாட்டாங்க.

அதனால வாய் திறந்து சொல்லிடுங்க: "உங்க கோபம் நியாயமானதா இல்லையான்னு நாம இப்ப பேசல. நீங்க சொல்ல நினைக்கறதை சொல்லாம விடவும் சொல்லல. அதை எப்ப, எப்படி சொன்னா உங்களுக்கு வேண்டியது கிடைக்கும்ங்கறதுக்காக கொஞ்ச நேரம் தள்ளி வெக்கறோம், அவ்வளவுதான்."

தள்ளி வெக்கறதுக்கு ஒரு முடிவு நேரம் இருக்கணும். என் அனுபவத்துல இந்த பயிற்சி ஒட்டறதும் ஒட்டாததும் இதுலதான் தீர்மானமாகுது. திரும்பி வந்து பேசறதுக்குன்னு நேரம் குறிக்காத இடைவெளி எல்லாம் மெல்ல மெல்ல வாய்மூடி இருக்கறதா மாறிடும், உள்ள சேந்துட்டே போகும், மூணாவது வாரம் மொத்தமா வெடிக்கும், அப்ப க்ளையன்ட் "இதெல்லாம் வேலைக்காகாது"ன்னு விட்டுடுவாங்க. எந்த இடைவெளியா இருந்தாலும் "அரை மணி நேரம்", "சாப்பிட்டதுக்கு அப்புறம்", "நாளைக்கு காலைல காப்பி குடிக்கும்போது"ன்னு ஒரு நேரம் ஒட்டியே வரணும்.

5. நாலு படிகள், இந்த வரிசைலயே

நில்லு. இது மனசுல நடக்கறது இல்ல, கையிலயும் வாயிலயும் நடக்கறது. ஃபோனை கவுத்து வை, உதட்டை மூடு, கையை தொடை மேல வை. எண்ணத்தை நிறுத்த முடியாது, தசையை நிறுத்த முடியும், அதனாலதான் இது முதல்ல வருது. ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு அசைவை மட்டும் தேர்ந்தெடுக்க வைங்க, நம்ம உதாரணத்துல இருக்கற பொண்ணுக்கு ஃபோனை தலையணைக்கு அடில வெக்கறது.

ஒரு அடி பின்னால. உண்மையாவே பின்னால. முடிஞ்சா அந்த ரூமை விட்டு, முடியாட்டி ரெண்டு அடி தள்ளி, அதுவும் முடியாட்டி நாற்காலில சாஞ்சு உக்காந்து ஒரு நீள மூச்சு வெளிய விடறது. எதிராளியோட முகமும் குரலும் கொதிப்பை ஏத்திட்டே இருக்கும், தூரம் அதை குறைக்கும்.

கவனி. மூணே கேள்வி: உடம்புல என்ன நடக்குது? மனசு என்ன சொல்லுது? கை என்ன பண்ண துடிக்குது? அப்புறம் நடந்ததையும், நடந்ததுக்கு மனசு போட்ட அர்த்தத்தையும் பிரிக்கணும். "ரெண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கல" நடந்தது. "என்னை ஒரு பொருட்டாவே மதிக்கல" அர்த்தம். அர்த்தம் சரியாவும் இருக்கலாம், அதை இப்ப முடிவு பண்ண வேண்டாம்னு சொல்லுங்க, இல்லாட்டி நாம புருஷனுக்கு வக்காலத்து வாங்கற மாதிரி ஆயிடும்.

பாத்து செய். "நாளைக்கு காலைல எழுந்திருக்கும்போது இது எப்படி முடிஞ்சிருந்தா எனக்கு நல்லது?"ன்னு ஒரே கேள்வி. பதில் பெருசா இருக்க வேண்டியதில்ல. "அவர் வந்ததும் தனியா பேசணும், குரூப்ல இல்ல." போதும்.

புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு மூணாவது படில இருந்து ஆரம்பிக்கறது. நமக்கு பேச்சுதான் தொழில், அதனால எண்ணத்தை ஆராயறதுதான் நமக்கு சுலபமா வருது. கை இன்னும் ஃபோன்லயே இருக்கும்போது எண்ணத்தை ஆராய சொன்னா அந்த எண்ணம் வாய்ஸ் நோட்டாதான் வெளிய வரும்.

6. கோட்டுக்கு மேல போயிட்டா உடம்பை இறக்கற வழிகள்

குளிர்ந்த தண்ணி: வாய் அகலமான பாத்திரத்துல தண்ணி எடுத்து, மூச்சை பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு கண்ணும் கன்னமும் நனையற மாதிரி முகத்தை வெக்கணும், 30 செகண்ட் போதும், முடியாட்டி அதுக்கு முன்னாடியே எடுத்துடலாம். தண்ணிக்குள்ள முங்கறப்ப இதயத்துடிப்பை இறக்கற ஒரு அனிச்சை செயல் நம்ம எல்லார் உடம்புலயும் இருக்கு, அதைத்தான் தூண்டறோம். தண்ணி 10 டிகிரிக்கு கீழ போக வேண்டாம். சித்திரை வைகாசில மாடி டேங்க் தண்ணி குழாய்ல சுடச்சுட வரும், அதுல முகம் கழுவிட்டு "வேலை செய்யல"ன்னு வந்து சொல்வாங்க, அதனால ஃபிரிட்ஜ் தண்ணியை கலந்துக்க சொல்லுங்க. இல்லைன்னா ஐஸ் கட்டியை துணில சுத்தி கண்ணுக்கு கீழ கன்னத்துல வெச்சுக்கிட்டு குனிஞ்சு மூச்சை பிடிக்கலாம். யாருக்கெல்லாம் இது கூடாதுன்னு முதல் பகுதில சொன்னதை மறுபடி ஒரு தடவை பாத்துக்குங்க.

மூச்சு: 4 எண்ணி உள்ள, 6 எண்ணி வெளிய. நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும். வெளிய விடறது நீளமா இருக்கறதுதான் விஷயம், "ஆழமா மூச்சு இழுங்க"ன்னு மட்டும் சொன்னா வேகவேகமா இழுத்து தலை சுத்தி இன்னும் பயந்துடுவாங்க. பேனிக் அட்டாக் வர்றவங்கள்ல சிலருக்கு மூச்சை கவனிச்சாலே பதட்டம் ஏறும். அவங்களுக்கு மூச்சை விட்டுடுங்க, வெறுங்காலை தரைல அழுத்தி டைல்ஸோட குளிர்ச்சியை உணர சொல்லுங்க.

கத்தி தீக்கறது, தலையணையை குத்தறதை தயவுசெஞ்சு சொல்லித்தராதீங்க. உள்ள இருக்கறதை கொட்டிட்டா காலியாயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, ஆனா பிராட் புஷ்மன் 2002-ல பண்ணின ஆய்வுல, கோபப்படுத்தினவனை நினைச்சுக்கிட்டே குத்துப்பையை குத்தினவங்களுக்கு கோபம் கூடத்தான் செஞ்சுது, சும்மா உக்காந்திருந்தவங்க அவங்களை விட நல்லா இருந்தாங்க. அவரும் இன்னொருத்தரும் சேர்ந்து 2024-ல 154 ஆய்வுகளை தொகுத்து பாத்தப்பவும் இதே திசைதான்: உடம்போட வேகத்தை இறக்கற விஷயங்கள் கோபத்தை குறைக்குது, ஏத்தற விஷயங்கள் குறைக்கல.

டிபிடில வேகமான உடற்பயிற்சியும் ஒரு வழியா இருக்கு. பதட்டம், துடிதுடிப்புக்கு நான் அதை கொடுக்கறேன். சுத்தமான கோபத்துக்கு கொடுக்கறதில்ல, அங்க நிதானமான நடை போதும்னு நினைக்கறேன்.

இன்னும் ஒண்ணு அவங்களுக்கு தெரியணும். உடனே ஏதாவது பண்ணிடணும்ங்கற அந்த உந்துதல் அலை மாதிரி, ஏறும், உச்சத்துல கொஞ்சம் நிக்கும், இறங்கும். போதைப்பழக்க சிகிச்சைல ஆலன் மார்லட் இதை வெச்சே ஒரு பயிற்சி உண்டாக்கினார். க்ளையன்ட் பயப்படறது "நான் எதுவும் பண்ணலைன்னா இது இப்படியே ஏறிட்டே போகும்"னு. செஷன்ல ஒரு தடவையாவது அது தானா இறங்கறதை அவங்க நம்பரோட பாத்தாங்கன்னா, வீட்டுல காத்திருக்க தைரியம் வரும்.

7. செஷன்லயே பழக்குங்க, சின்ன கோபத்துல இருந்து

வண்டி கத்துக்கறவங்களை முதல் நாளே ஜிஎஸ்டி ரோட்டுல விடமாட்டோம். மாமியார் விஷயம் 90 மதிப்புள்ளது, அதை கடைசிக்கு வைங்க. ஆட்டோக்காரர் கூட கேட்டது, லைன்ல ஒருத்தர் முந்தி போனதுன்னு 40 மதிப்புள்ள ஒண்ணை எடுங்க.

கண்ணை மூடி அந்த காட்சியை இப்ப நடக்கற மாதிரி சொல்ல வைங்க, "நான் நிக்கறேன், அவர் சொல்றார்"னு. அவங்களோட முதல் அறிகுறி உடம்புல வர்ற வரைக்கும் காத்திருங்க. காது சூடாச்சுன்னு சொன்ன உடனே "நில்லு", எழுந்திரிச்சு நாலு படியையும் உடம்பால செய்ய வைங்க, நம்பர் கேளுங்க. மறுபடி, மறுபடி. வெறும் விளக்கமா நாற்காலில உக்காந்தே பேசி முடிக்கிற செஷன் இந்த விஷயத்துல கிட்டத்தட்ட வீண்.

குளிர்ந்த தண்ணியையும் க்ளினிக்லயே ஒரு தடவை செஞ்சு பாக்கட்டும். முதல் தடவை வீட்டுல, அதுவும் 90-ல செஞ்சு பாப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க.

அப்புறம் ஒரு வாக்கியம் எழுதுங்க. பீட்டர் கோல்விட்சர் ஆய்வு பண்ணின முறை இது: "இப்படி ஆனா, நான் இதை செய்வேன்". "நான் கோபத்தை கட்டுப்படுத்துவேன்"ங்கறது வெறும் ஆசை. "அவர் முதல் தடவை ஃபோன் எடுக்கலைன்னா, ஃபோனை தலையணைக்கு அடில வெச்சுட்டு மொட்டை மாடிக்கு போவேன்"ங்கறது திட்டம், அந்த சூழ்நிலை வந்ததுமே செயல் தானா ஞாபகம் வரும். அவங்க கையெழுத்துல, அவங்க பேசற தமிழ்ல இருக்கணும்.

செஷனோட கடைசி 10 நிமிஷத்தை இறங்கறதுக்குன்னு விட்டு வைங்க. கிளறி விட்டுட்டு 70-ல பஸ் ஏத்தி அனுப்பக்கூடாது.

8. வீட்டை தயார் பண்ணுங்க

திறனெல்லாம் தெரிஞ்சும் தோத்துப்போற இடம் வீடு. நடுவுல எழுந்து போனா "நான் பேசிட்டே இருக்கேன், நீ எங்க எழுந்து போற? மரியாதை இல்லையா?"ன்னு ரெண்டாவது சண்டை வரும். அதனால எல்லாரும் நல்லா இருக்கற நேரத்துல முன்கூட்டியே சொல்லி வெக்கணும், முக்கியமா புருஷனோ பொண்டாட்டியோ இருந்தா ஒரு செஷனுக்கு கூப்பிட்டு நீங்களே விளக்கிடுங்க.

போகும்போது சொல்ற வாக்கியத்தை செஷன்ல வாய்விட்டு சொல்லி பழகட்டும். "ஏங்க, எனக்கு தலை சூடாயிருக்கு, அரை மணி நேரத்துல வந்து பேசறேன்." மாமியார்கிட்ட, "அத்தை, இப்ப பேசினா தப்பா ஏதாவது சொல்லிடுவேன், சாப்பிட்டு பேசலாம்." அதுல "நீங்க இப்படி பேசினா"ன்னு குத்தம் சொல்ற துண்டு ஒட்டாம பாத்துக்குங்க.

நேரம் குறைஞ்சது 20 நிமிஷம். தம்பதிகளை ஆராய்ஞ்ச ஜான் காட்மன் சொல்ற அளவு இது, படபடப்பு அடங்க உடம்புக்கு அவ்வளவு ஆகும். அந்த நேரத்துல மனசுக்குள்ள வக்கீல் மாதிரி வாதம் தயாரிச்சுட்டு இருந்தா நேரம் போனதா கணக்கே இல்ல, கவனத்தை கையால செய்யற ஏதாவதுல வெக்கணும், துணி மடிக்கிறது, பூண்டு உரிக்கிறது, செடிக்கு தண்ணி ஊத்தறது.

இடம் பெரிய பிரச்சினை. தனி ரூம் இல்லாத வீடுதான் அதிகம். பாத்ரூம், மொட்டை மாடி, கொல்லைப்புறம், தெருமுனை கடை வரைக்கும் ஒரு நடைன்னு ரெண்டு இடமாவது முடிவு பண்ணிக்குங்க, ஒண்ணு ராத்திரிக்கும் ஒத்துவரணும்.

ஆம்பளைங்க விஷயத்துல ஒரு கட்டாய விதி: வண்டி சாவியை தொடக்கூடாது. கோபத்துல வெளிய போறேன்னு பைக்கை எடுத்துட்டு கிளம்பறதுதான் பலரோட பழக்கம், நாம "அந்த இடத்தை விட்டு போங்க"ன்னு சொன்னதை அவங்க அப்படித்தான் புரிஞ்சுக்குவாங்க. நடந்து மட்டும் போகணும், டாஸ்மாக் இருக்கற திசைல இல்லாம.

சின்ன குழந்தையை அடிச்சுடறேன்னு வர்ற அம்மாக்களுக்கு ரூமை விட்டு போறது எப்பவும் முடியாது. குழந்தையை பத்திரமான இடத்துல உக்கார வெச்சுட்டு, கண்ணுல படற தூரத்துல வாசப்படில நின்னு, கதவு நிலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு மூச்சு விடறதுன்னு மாத்திக்குங்க. கை வேற ஒண்ணை பிடிச்சிருக்கறது முக்கியம்.

ஃபோனுக்கும் ஏற்பாடு வேணும். வாட்ஸாப்ல தனக்குத்தானே மெசேஜ் அனுப்பிக்கிற சாட்டை மேல பின் பண்ணி வைங்க, கொட்ட வேண்டியதை அங்க டைப் பண்ணிட்டு மறுநாள் படிக்கலாம். வாய்ஸ் நோட் வேண்டாம், தன் குரலையே கேட்டு இன்னும் ஏறும். ஆபீஸ்ல ராஜினாமா மெயில் எழுதற டைப்னா, அனுப்ப வேண்டிய முகவரியை போடாம எழுதறதுன்னு ஒரு விதி.

9. திரும்பி போய் பேசறது

குறிச்ச நேரத்துக்கு போகணும். இன்னும் 60-க்கு மேல இருந்தா, "இன்னும் கொஞ்ச நேரம் வேணும், ஒன்பது மணிக்கு"ன்னு போய் சொல்லிட்டு வரணும், காணாம போகக்கூடாது. எதிராளிக்கு இது தண்டனையா தெரிய ஆரம்பிச்சா அடுத்த தடவை போக விடமாட்டாங்க.

பேச்சு சுருக்கமா இருக்கட்டும்: என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, என்ன வேணும். "நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. எனக்கு தனியா விட்ட மாதிரி இருந்தது. மீட்டிங்ல இருந்தா ஒரு மெசேஜாவது போடுங்க." ஒரு விஷயம் மட்டும். பத்து வருஷ கணக்கு அதுல வரக்கூடாது, அந்த கணக்குக்கு வேற செஷன் இருக்கு.

இதையும் நீங்க எதிராளியா உக்காந்து நடிச்சு பழக்குங்க. கொஞ்சம் வம்பு பண்ற எதிராளியா நடிங்க, ஏன்னா வீட்டுல யாரும் "அப்படியா, சரிம்மா"ன்னு உடனே சொல்லப்போறதில்ல.

10. வீட்டுப்பாடமும் அடுத்த வார விசாரணையும்

முதல் வாரம் கோபமே இல்லாத நேரத்துல நாலு படியையும் தினமும் ரெண்டு தடவை சும்மா செஞ்சு பாக்கறது மட்டும் வீட்டுப்பாடம். பால் வாங்க போறதுக்கு முன்னாடி, குளிக்கறதுக்கு முன்னாடின்னு இருக்கற வேலையோட ஒட்டிடுங்க. ரெண்டாவது வாரம் 50-க்கு கீழ இருக்கற எரிச்சல்கள்ல. பெரிய கோபத்துக்கு அதுக்கப்புறம்தான்.

திரும்பி வர்றப்ப "கோபம் குறைஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க. கோபம் வரும், வரட்டும். "எங்க நின்னீங்க, எவ்வளவு நேரம் கழிச்சு நின்னீங்க?"ன்னு கேளுங்க. வாய்ஸ் நோட் ரெண்டு நிமிஷம் போனதுக்கு அப்புறம் நிறுத்தி டெலீட் பண்ணினாங்கன்னா அதுவும் நின்னதுதான், போன தடவை மூணு நிமிஷம் முழுசா போச்சு. அந்த நிக்கற இடம் வாரா வாரம் முன்னாடி நகந்து வருதான்னு பாக்கறதுதான் முன்னேற்றத்தோட அளவு.

நிக்கவே முடியாத சம்பவத்தை திட்டாம, ரெண்டாவது பகுதில பண்ணின மாதிரி பேப்பர்ல பிரிங்க. அறிகுறி தெரியலையா, தெரிஞ்சும் ஞாபகம் வரலையா, ஞாபகம் வந்தும் செய்ய மனசில்லையா, செஞ்சும் உடம்பு இறங்கலையா? நாலுக்கும் மருந்து வேற வேற. முதலாவதுக்கு அலாரம் பயிற்சி, ரெண்டாவதுக்கு இன்னும் நடிச்சு பழகறது, நாலாவதுக்கு வேற வழி தேடறது.

மூணாவதுதான் கஷ்டமானது. "தோணுச்சு மேடம், ஆனா நான் ஏன் நிக்கணும்னு இருந்தது"ன்னு ஒருத்தர் சொன்னா, அந்த வீட்டுல கத்தினாத்தான் காது கொடுக்கறாங்கன்னு அர்த்தமா இருக்கலாம். அப்ப க்ளையன்ட்டை மட்டும் பழக்கறது அநியாயம், குடும்பத்தை உக்கார வெச்சு மெதுவா சொன்ன விஷயத்துக்கும் பதில் வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணணும். முதல் பகுதில கேட்ட "யாராவது கை ஓங்கறாங்களா?"ங்கற கேள்வியையும் இந்த இடத்துல தனியா வெச்சு மறுபடி கேளுங்க, முதல் நாள் வராத பதில் இப்ப வரலாம்.

ஆறேழு வாரம் ஒழுங்கா பயிற்சி பண்ணியும் நிக்கற இடம் நகரவே இல்லைன்னா, திறனை இன்னும் ஏத்தி சொல்லிக்கொடுக்காம தூக்கம், தைராய்டு, குடி, மாதவிடாய்க்கு முந்தின நாட்கள், பழைய வன்முறையோட தாக்கம் இதெல்லாம் ஒவ்வொண்ணா விசாரிச்சு, தேவைப்பட்டா சைக்கியாட்ரிஸ்ட்டுக்கு கடிதம் எழுதி அனுப்புங்க, அதுல நீங்க பண்ணின பயிற்சியோட விவரத்தையும் வாராவாரம் வந்த நம்பர்களையும் சேத்து எழுதுங்க.